பர்ன்ஸ் விருந்துக்குப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரி 25 அன்று ஸ்காட்லாந்தில் ஓட்டல், பள்ளிக்கூடம், ஊர்மன்றம் எங்கு பார்த்தாலும் ஒரே விருந்துதான்: பர்ன்ஸ் சப்பர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759-இல் அல்லோவே கிராமத்தில் பிறந்த நாள் அது. ஆனால் முதல் விருந்து பிறந்த நாளில் நடக்கவில்லை. 1796 ஜூலையில், 37 வயதில் அவர் இறந்துபோனார். ஐந்து வருஷம் கழித்து, 1801 ஜூலையில், நண்பர்கள் ஒன்பது பேர் அவர் பிறந்த வீட்டிலேயே கூடிச் சாப்பிட்டார்கள். அன்றைக்கே இலையில்... மன்னிக்கவும், தட்டில், ஹேகிஸ் என்ற ஆட்டிறைச்சிப் பதார்த்தம் இருந்தது.

முதலில் உடை. ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட் கட்டாயமில்லை, கோட்டு சூட்டு போதும். வாடகைக்குக் கில்ட் எடுத்தால், அந்தப் பெரிய ஊக்கை மேல் மடிப்பில் மட்டும் குத்துங்கள். உள்மடிப்போடு சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுக்கும், துணி கிழியும். காலுறையில் செருகும் சின்னக் கத்தி, வலக்கைக்காரருக்கு வலது காலில்.

உட்கார்ந்ததும் செல்கர்க் கிரேஸ் என்று கடவுளுக்கு நாலே வரி நன்றி சொல்வார்கள். அது முடியும்வரை ரொட்டியில் கை வைக்காதீர்கள். அப்புறம் சூப்.

இனி ஹேகிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்து அரைத்து, ஓட்ஸ் நொய், கொழுப்பு, வெங்காயம், நிறைய மிளகு சேர்த்து, இரைப்பையிலோ குடல் உறையிலோ அடைத்து வேகவைப்பது. வாயில் போட்டால் மிளகு தூக்கலான உதிரி உப்புமா பதம். பயப்பட ஒன்றுமில்லை. பருப்பும் பயறும் ஓட்ஸும் வைத்துச் செய்த சைவ ஹேகிஸும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தட்டு உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முன்னால் பேக்பைப் என்ற துருத்திக் குழல் வாசிப்பவர், பின்னால் தட்டோடு சமையல்காரர். தாளத்துக்கு மெல்லக் கை தட்டலாம். தட்டை வைத்ததும் ஒருவர் ஹேகிஸைப் பார்த்தே பர்ன்ஸின் கவிதையைச் சொல்வார். எட்டுப் பத்தி. மூன்றாவது பத்தியின் முதல் வரியில் கத்தியைத் துடைப்பார், அடுத்த வரியில் நீளவாக்கில் ஒரே வெட்டு.

இங்கேதான் விபத்து. ஸ்காட்லாந்தில் உணவகங்கள் மறுபடி சூடாக்கும் உணவு 82 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது விதி. அந்தச் சூட்டில் உறைக்குள் ஆவி நெருக்கிக்கொண்டு இருக்கும். கத்தி பட்டதும் கொழுப்பு பீய்ச்சி அடித்து, முன்வரிசைக்காரர் சட்டையெல்லாம் கறை. அதனால் சமையலறையிலேயே ஊசியால் ஓரிரு இடத்தில் குத்தி ஆவியை விட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உறை மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே வெடித்துவிடும். தண்ணீர் லேசாகத் ததும்பினால் போதும். அல்லது ஃபாயிலில் சுற்றி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து ஓவன் அடுப்பில் வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: குத்தாமல் மேடைக்கு அனுப்பாதீர்கள். முனை மழுங்கிய கத்தியும் வேண்டாம். உறை வழுக்கும், கவிதை சொல்பவர் இரண்டு மூன்று தடவை அறுத்துக்கொண்டு நிற்பார், சிரிப்புதான் மிஞ்சும்.

கவிதை முடிந்ததும் கிளாஸை உயர்த்தி, 'ஹேகிஸ்' என்று சொல்லிக் குடிக்க வேண்டும். விஸ்கிதான் என்றில்லை, ஜூஸும் சரி. ஆளுக்கு 150 கிராம் தாராளம். கூடவே மசித்த உருளைக்கிழங்கும், உள்ளே மஞ்சளாயிருக்கும் டர்னிப்பும். டர்னிப் நிறையத் தண்ணீர் விடும். வடித்தபின் பாத்திரத்தை மறுபடி அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் வெண்ணெய் போட்டு மசிக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டெல்லாம் குளம்.

இனிப்புக்குப் பிறகு உரைகள். பர்ன்ஸின் நினைவைப் போற்றும் முக்கிய உரைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்கவே கூடாது. அப்புறம் பெண்களைச் சீண்டி ஓர் ஆண் பேசுவார், ஒரு பெண் பதிலடி கொடுப்பார். ஒருவர் பேச்சை மற்றவர் முன்கூட்டியே வாங்கிப் படித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் சீண்டல் ஒரு பக்கம், பதில் வேறு பக்கம் போகும்.

நடனத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: முடிவில் வட்டமாக நின்று ஆல்ட் லாங் ஸைன் என்ற பர்ன்ஸின் பாட்டைப் பாடும்போது, தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்கே கோத்துக்கொள்ளாதீர்கள். அது கடைசிப் பத்திக்கு மட்டும். வணக்கம்.