படித்தாலும் எழுதும் டிஸ்க்

பின்னால் லாரி ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன், மாங்கூழ் ஆலைக்குப் போகிற வண்டியெல்லாம் என் ஜன்னலை ஒட்டித்தான் போகும்.

போன வாரம் பழைய பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். கல்யாண போட்டோ போட்டு வைக்கிற லினக்ஸ் மெஷினில் துளி இடமில்லை. "ஒரு வருஷமா யாரும் திறக்காத ஆல்பத்தை எல்லாம் தூக்கிடலாம் தம்பி, லிஸ்ட் எடுத்துக் கொடு" என்றார். ஐந்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன். கடைசியாகத் திறந்து 365 நாளுக்கு மேல் ஆன ஃபைலைக் காட்டு என்று, ஃபைல் தேடும் ஃபைண்ட் கட்டளை கொடுத்தால், ஒரு வரிகூட வரவில்லை.

2015 போட்டோ ஒன்றை, ஃபைலின் நேர விவரமெல்லாம் காட்டுகிற ஸ்டாட் கட்டளை போட்டுப் பார்த்தேன். மாற்றிய நேரம் 2015. கடைசியாகத் திறந்து படித்த நேரம், அதாவது ஏடைம், போன ஞாயிறு விடியற்காலை 2:14. அந்த நேரத்தில் யாரய்யா கல்யாண போட்டோ பார்த்தது?

நான்தான். நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட். எந்த ஃபைலாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், மாறியிருக்கிறதா என்று பார்க்கும். ஆள் படித்தாரா ஸ்கிரிப்ட் படித்ததா என்பதெல்லாம் ஏடைமுக்குத் தெரியாது.

சரி, இந்த ஏடைம் எதற்கு? ஃபைலைப் படித்தால் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்பது யூனிக்ஸ் காலத்து வழக்கம், யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதித்தொகுப்பான போசிக்ஸிலும் இருக்கிறது. குறிப்பது என்றால் டிஸ்கில் எழுதுவது. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-இல் ஒரு ஐநோடு, அதாவது ஃபைலின் நேரம், அளவு போன்ற விவரங்கள் இருக்கும் குறிப்பு, வழக்கமாக 256 பைட்தான். ஆனால் எழுதும்போது 4 கேபி பிளாக்காகத்தான் போகும், அதுவும் முதலில் ஜர்னல் என்ற பாதுகாப்புப் பதிவேட்டில், பிறகு அதன் இடத்தில். ஆயிரக்கணக்கான போட்டோவைச் சும்மா புரட்டினாலே டிஸ்க் எழுத ஆரம்பித்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல், எடுத்து வைத்திருந்தால் இன்னும் மோசம்: பழையதை அழிக்க முடியாது என்பதால் மெட்டாடேட்டாவை, அதாவது ஃபைல் பற்றிய விவரங்களை, புதிதாகப் பிரதி எடுக்கும். படித்ததற்கே இடம் போகும்!

2007-இல் லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுகிற ஆட்கள் இதைப் பற்றிப் பெரிதாகச் சண்டை போட்டார்கள். ஏடைம் குறிப்பதை அடியோடு நிறுத்த நோஏடைம் என்ற அமைப்பு இருந்தது. ஆனால் மட் போன்ற மெயில் நிரல்கள், பெட்டியைக் கடைசியாகப் படித்த நேரத்தையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் புது மெயில் வந்ததா என்று சொல்லும். நிறுத்தினால் அது குழம்பும். நடுவழியாக வந்தது ரெலாடைம். மாற்றிய பிறகு முதல்முறை படித்தால் குறிக்கும், அல்லது பழைய குறிப்பு 24 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் குறிக்கும். 2009-இல் வந்த 2.6.30 கெர்னலில் இருந்து அதுதான் இயல்பு அமைப்பு. அப்புறம் 2015-இல் 4.0 கெர்னலோடு லேசிடைம் வந்தது. நேரத்தை மெமரியில் வைத்துக்கொண்டு டிஸ்கில் பிறகு எழுதும், திடீரென்று கரண்ட் போனால் அந்தக் குறிப்பும் போகலாம். நம் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸ் பக்கம் விஸ்டாவில் இதை இயல்பாக அணைத்து வைத்திருந்தார்கள்.

அண்ணன் மெஷினில் ரெலாடைம்தான். என் ஸ்கிரிப்ட் ஏழு நாளுக்கு ஒருமுறை வருவதால் 24 மணி நேர விதியில் தவறாமல் மாட்டியது. நேரத்தைக் குறிக்காதே என்று சொல்லும் ஓ-நோஏடைம் என்ற குறியோடு ஃபைலைத் திறந்து படித்திருந்தால் தடயமே இருந்திருக்காது. ஸ்கிரிப்டை அப்படித் திருத்தலாம்தான். ஆனால் ஃபோல்டரைத் திறந்ததும் சின்னப் படம் காட்டுகிற நிரலும் ஃபைலைப் படிக்குமே, எத்தனை பேரைத் திருத்துவது? போட்டோ டிஸ்கில் மெயில் இல்லை, ஏடைமை நம்பும் வேறு எதுவும் இல்லை. அதனால் டிஸ்க்குகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நோஏடைம் போட்டுவிட்டேன்.

லிஸ்ட்? ஆர்டர் நோட்டை எடுத்து வைத்து இரண்டு பேரும் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். அந்த 2015 கல்யாணத்துக்கு நேராகச் சிவப்பு மையில், "ஆல்பம் வாங்கலை, பாக்கி 4,000" என்று இருந்தது. அதை மட்டும் அழிக்கவே கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.