ஸ்கூல் இன்டர்வியூ முடிஞ்சாச்சு, தேங்க்யூ நோட் எப்படி எழுதறது?

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல பிரைவேட் ஸ்கூல், போர்டிங் ஸ்கூல் அட்மிஷனுக்குப் பிள்ளைங்களை இன்டர்வியூ கூட்டிட்டுப் போற சீசன் செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் ஓடும். இன்டர்வியூ முடிஞ்ச பிறகு அனுப்பற தேங்க்யூ நோட் பத்தி மட்டும் இன்னிக்குப் பேசலாம்.

முதல்லயே சொல்லிடறேன், நோட் எழுதினதுக்காக யாரும் சீட் தர மாட்டாங்க. மார்க், டீச்சர் ரெகமண்டேஷன், கட்டுரை, இன்டர்வியூ, இதெல்லாம்தான் பேசும். ஆனா அப்பா அம்மா எழுதி, பிள்ளை பேர்ல அனுப்பின நோட் சந்தேகத்தைக் கிளப்பும். நோட்டைப் படிக்கற அட்மிஷன் அதிகாரி உங்க பிள்ளையோட அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினவங்க. 12 வயசுப் பிள்ளையோட பேச்சு அவங்க காதுலயே இருக்கும். அதனால எழுத்துப் பிழையைத் திருத்துங்க, வாக்கியத்தைத் திருத்தாதீங்க.

வேலை கார்லயே ஆரம்பிக்கணும். வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பிள்ளை கையில பேப்பர் பேனா குடுத்துடுங்க. பேசினவங்க பேர், டூர் காட்டின மாணவர் பேர், பேச்சுல மனசுல நின்ன ஒரு விஷயம். இவ்வளவு எழுதினா போதும். ஒரே வாரத்துல மூணு ஸ்கூல் பார்த்தா, மூணும் ராத்திரிக்குள்ள கலந்துடும். பேரோட ஸ்பெல்லிங்கை விசிட்டிங் கார்டுல பாருங்க, இல்லன்னா ஸ்கூல் வெப்சைட்ல அட்மிஷன் டீம் பக்கத்துல பாருங்க. பெண்களுக்கு மிஸஸ் (Mrs.) போடாதீங்க, Ms. போடுங்க. டாக்டர் பட்டம் இருந்தா டாக்டர்தான்.

மனசுல நின்ன விஷயம்னு சொன்னேன் இல்லையா, நோட்டோட உயிரே அதுலதான் இருக்கு. எக்ஸிட்டர் மாதிரி ஸ்கூல்ல எல்லாரும் ஒரே நீள்வட்ட மேசையைச் சுத்தி உட்கார்ந்து பாடம் பேசுவாங்க, ஹார்க்னெஸ் முறைன்னு பேரு. "உங்க ஹார்க்னெஸ் முறை எனக்குப் பிடிச்சது"ன்னு எழுதினா, அது வெப்சைட் பார்த்த யாரும் எழுதக்கூடிய வரி. "பேசாம இருக்கறவங்களை அந்த மேசையில எப்படிப் பேச வைப்பீங்கன்னு கேட்டேன், நீங்க சொன்ன பதிலை வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன்"னு எழுதினா, அந்தப் பிள்ளை மட்டும்தான் அதை எழுத முடியும். அதோட ஒரு நன்றி, ஸ்கூல்ல சேர்ந்தா என்ன செய்ய ஆசைன்னு ஒரு வரி, கடைசியில பேர். மொத்தம் நாலஞ்சு வாக்கியம்.

இமெயிலா கார்டான்னு கேட்பீங்க. இமெயில்னா 24 மணி நேரத்துக்குள்ள போயிடணும். இந்தியாவுல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ ஜூம்ல பேசினவங்களுக்கு இமெயில்தான் சரி. ஒரு சிக்கல் சொல்றேன், பிள்ளை இப்போ படிக்கற பப்ளிக் ஸ்கூல், அதாவது அரசு ஸ்கூல், குடுத்த கூகுள் அக்கவுண்ட்ல இருந்து அனுப்பாதீங்க. பல இடத்துல வெளிய மெயில் போகாத மாதிரி அதைப் பூட்டி வச்சிருப்பாங்க. சொந்தமா ஜிமெயில் வச்சுக்க 13 வயசு ஆகணும். அதுக்குக் கீழன்னா உங்க அக்கவுண்ட்ல இருந்தே அனுப்பி, சப்ஜெக்ட்ல பிள்ளை பேரைப் போடுங்க. கார்டுன்னா அடுத்த நாளே தபால்ல சேருங்க. சதுரக் கவர் வாங்காதீங்க, மெஷின்ல ஓடாதுன்னு தபால்காரங்க கூடுதல் கட்டணம் கேப்பாங்க. சாதாரண செவ்வகக் கவருக்கு ஒரு ஃபாரெவர் ஸ்டாம்ப் (கட்டணம் ஏறினாலும் செல்லுபடியாகற அமெரிக்கத் தபால் தலை) போதும்.

நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. வீட்டுல ஒரு பேர், பாஸ்போர்ட்ல அப்பா பேரோட சேர்ந்த இன்னொரு பேர், இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு குழப்பம். அப்ளிகேஷன்ல என்ன பேர் இருக்கோ அதையே அப்படியே எழுதுங்க. கீழ எந்த கிரேடுக்கு விண்ணப்பம்னும், இன்டர்வியூ தேதியும் போடுங்க. அப்போதான் நோட் சரியான ஃபைல்ல போய்ச் சேரும்.

பெத்தவங்களையும் கூப்பிட்டுப் பேசியிருந்தா, நீங்க தனியா மூணு வரி எழுதுங்க. பிள்ளையோட மெடல் பட்டியல் அதுல வேண்டாம், எப்போ முடிவு சொல்வீங்கன்னும் கேக்க வேண்டாம். பெரும்பாலான போர்டிங் ஸ்கூல்ல முடிவு மார்ச் 10, நம்ம பதிலுக்குக் கெடு ஏப்ரல் 10. இந்தத் தேதி அவங்க வெப்சைட்லயே இருக்கும். "நீங்கதான் எங்க முதல் சாய்ஸ்"ங்கறதை ஒரே ஒரு ஸ்கூலுக்கு மட்டும், அது உண்மையா இருந்தா மட்டும் எழுதுங்க. இன்டர்வியூ தீபாவளி சமயத்துல வரும், வெறுங்கையோட போக மனசு வராது, எனக்கும் புரியுது. ஆனா இனிப்பு டப்பா, பட்டு, எதுவும் அனுப்பாதீங்க. முடிவு எடுக்கப் போறவங்களுக்குப் பரிசு குடுக்கற மாதிரி ஆயிடும், அவங்களைத்தான் சங்கடத்துல விடுவோம்.

நடக்கற தப்புலயே பெரிய தப்பு, ஒரு நோட்டை காப்பி பண்ணி அடுத்த ஸ்கூலுக்கு அனுப்பும்போது பழைய ஸ்கூல் பேர் உள்ளயே நின்னுடறது. ஒவ்வொண்ணையும் வெத்துப் பக்கத்துல இருந்து எழுதச் சொல்லுங்க. அனுப்பின பிறகு தப்பு தெரிஞ்சா, "பேரைத் தப்பா எழுதிட்டேன், மன்னிக்கணும்"னு ஒரே வரி அன்னிக்கே போகட்டும். பதில் வரலன்னா மறுபடி அனுப்பாதீங்க, பலர் பதில் போட மாட்டாங்க.

இன்டர்வியூ முடிஞ்சு மூணு வாரம் ஆயிடுச்சு, இன்னும் அனுப்பலையா? தாமதத்துக்குக் காரணம் விளக்காம, நாலு வரியை இன்னிக்கு ராத்திரியே எழுத வைங்க. டூர் காட்டின பிள்ளைக்கும் ரெண்டு வரி, அட்மிஷன் ஆபீஸ் முகவரிக்கே அனுப்பினா குடுத்துடுவாங்க.