மணல்மேட்டுப் படம் ஏன் சாம்பலா வருது?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "டிசம்பர் லீவுல ராஜஸ்தான்ல இருக்கற ஜெய்சல்மேர் பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போறோம். முன்னாடி போய்ட்டு வந்த சொந்தக்காரங்க காட்டின படத்துல மணலெல்லாம் சாம்பல் கலர்ல, தட்டையா இருக்கு. எத்தனை மணிக்கு எடுக்கணும், கேமராவுல என்ன மாத்தணும்?"

மொதல்ல மணியைப் பாத்துருவோம். பாலக்காட்டுப் பக்கம் டிசம்பர் கடைசியில 6:35 வாக்குல விடியுதுங்க. ஜெய்சல்மேர் நாட்டோட மேற்குக் கோடி, ஆனா கடிகாரம் நம்மளுதேதான். அதனால அங்க உதிக்க 7:30 ஆகிரும், மறையறது சாயங்காலம் 6 மணி சுமாருக்கு. ஊர்ப் பழக்கத்துல 6 மணிக்கே போய் இருட்டுல உக்காந்துக்க வேண்டாம். 7 மணிக்கு மேட்டுல நின்னாப் போதும். உதிச்சதுக்கப்புறம் முக்கால் மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். சூரியன் தாழ இருக்கறப்பதான் மணல்ல காத்து போட்ட ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். சூரியன் மேல ஏற ஏற அந்த நிழல் சுருங்கிரும். தட்டையா இருக்குன்னு சொன்னீங்களே, அது இதனாலதான். சூரியனை முதுகுக்குப் பின்னாடி வெச்சு எடுத்தாலும் இதே கதிதான். தோளுக்குப் பக்கவாட்டுல வெச்சுக்கங்க.

சாம்பல் கலருக்குக் காரணம் வேற. கேமரா எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல்னு நெனச்சு அளக்குது. மணல் அதைவிட வெளுப்பு. அதனால தானா இருட்டாக்கிரும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கற அளவு, +/- குறி போட்டது) +0.7ல இருந்து +1 வரைக்கும் ஏத்துங்க. ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டற வரைபடம்) வலது ஓரத்துல முட்டாம இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தோட கலரைச் சரிபண்ற செட்டிங்) ஆட்டோவுல விட்டா காலை மஞ்சளை 'தப்பு'ன்னு திருத்தி வெச்சிரும். டேலைட்ல, இல்லாட்டி 5500 கெல்வின்ல நிறுத்துங்க. ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 8ல இருந்து 11. போன்ல எடுக்கறவங்க திரையில மணலைத் தொட்டு அழுத்திப் பிடிச்சு பூட்டிட்டு, சூரியன் குறியைக் கொஞ்சம் மேல இழுத்தாப் போதும்.

எங்க போறதுங்கறதுலதான் நெறையப் பேர் ஏமாந்து போறாங்க. பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். அதுல மணல்மேடு சுமார் அஞ்சுல ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் கல்லாந்தரை, சேவண் புல், கேர் செடி, நம்ம ஊர் எருக்கு. சம் மணல்மேடு ஜெய்சல்மேர் டவுன்ல இருந்து 40 கிலோமீட்டர். சாயங்காலம் போனா ஒட்டகம், ஜீப், டயர்த் தடம்தான் இருக்கும். ராத்திரிக் காத்து அடிச்சா அதையெல்லாம் அழிச்சிரும், அதனால அங்க காலையிலதான் போகணும். சாயங்காலத்துக்குக் குரி கிராமத்துப் பக்கம் போங்க, கூட்டம் கம்மி.

மேட்டை நெருங்கறப்ப நேரா ஏறிராதீங்க. எந்த வரியைப் படம் எடுக்க வந்தீங்களோ, அதுமேலயே உங்க காலடி விழுந்துரும். தூரத்துல நின்னு மொதல்ல எடுத்துட்டு, அப்பறம் சுத்தி நடங்க. காத்து வர்ற பக்கம் சரிவு மெதுவா, மணல் இறுகி இருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல செங்குத்து, கால் புதையும். 70ல இருந்து 200 எம்எம் லென்ஸ் இருந்தா மேடுகளை அடுக்கடுக்காக் காட்டலாம். வைட் லென்ஸ்ல மேடு குட்டியாயிரும்.

கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்ங்கற பெரிய பறவை) பாக்கணும்னா பூங்காவுக்குள்ள சுதாசரிப் பக்கம் போகணும். அதுக்கு ஜெய்சல்மேர்ல இருக்கற வனத்துறை ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதி வாங்குங்க. உலகத்துல மிஞ்சி இருக்கறதே சுமார் 150 பறவைதான். வண்டியை விட்டு இறங்காதீங்க, பறவைக்குப் பின்னால வண்டியை ஓட்டவும் சொல்லாதீங்க. ட்ரோனை வீட்டுலயே வெச்சிருங்க. வனவிலங்குப் பகுதி, போதாக்குறைக்குப் பாகிஸ்தான் எல்லை வேற.

கேமரா முக்காலியை (ட்ரைபாட்) விரிக்கறப்ப அடிக் கால் துண்டை மொதல்ல முழுசா இழுத்துருங்க. அப்பத்தான் பூட்டு மணலுக்கு மேல நிக்கும். மாத்திச் செஞ்சா மணல் பூட்டுக்குள்ள போய், ரெண்டாவது நாள் திருகவே முடியாது. லென்ஸ் மாத்தறதா இருந்தா வண்டிக்குள்ள, கண்ணாடியை ஏத்திட்டு மாத்துங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நமக்குப் பழக்கம்தான், ஆனா பாலைவனக் காத்து மண்ணைத் தூக்கிட்டு வரும். நம்ம ஊர்ல லென்ஸுக்கு எதிரி பூஞ்சை, அதனால எடுத்த உடனே துணியால தொடைக்கிற பழக்கம் இருக்கு. அங்க அப்படித் தொடைச்சா மணல் கோட்டிங்கைக் கீறிரும். மொதல்ல ரப்பர் ப்ளோயர்ல ஊதி, மெல்லிசு பிரஷ்ல தட்டி விட்டுட்டு, மணல் ஒண்ணும் மிச்சம் இல்லைன்னா மட்டும் துணியைத் தொடுங்க.