மொய்க் கவரில் ஒரு வெள்ளி ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

மொய்க் கவரில் ஐநூறு வைத்தாலும் ஆயிரம் வைத்தாலும் கூட ஒரு ரூபாய் சேர்ந்தால்தான் நமக்கு மனசு ஆறும். ஆரத்தித் தட்டில் காசு, தாம்பூலத்தில் காசு, தாலிச் சரட்டில் லட்சுமிக் காசு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் பக்கம் எங்கே போனாலும் காசில்லாமல் மங்கல காரியம் கிடையாது. கவரோடு நிற்காமல், பழைய நாணயம் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். எதை வாங்குவது, வாங்கியதை எப்படிக் கெடுக்காமல் வைப்பது என்பதில்தான் கோளாறு.

முதலில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர் 1964-ல் பிறந்தவர் என்றால் அவருக்கென்றே ஒரு நாணயம் இருக்கிறது. அந்த ஆண்டு நேரு மறைந்ததும் வெளியிட்ட ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அவைதான்; 1964 என்று அதிலேயே இருக்கும். 1968 முதல் 1971 வரைக்கும் தாமரைப் பூ போட்ட மஞ்சள் நிற இருபது பைசா வந்தது. தங்கம்போலப் பளபளக்கும், பூவும் மகாலட்சுமியின் பூ. அந்த வருஷங்களில் பிறந்தவர்களுக்கும் கல்யாணம் ஆனவர்களுக்கும் அதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: காந்தி நூற்றாண்டுக்கு 1969-ல் வந்த நாணயத்தில் 1869–1948 என்றுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்து நூறு வருஷப் பழசு என்று ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பெருமை வேண்டுமென்றால், பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல் வந்த ஐந்து ரூபாய் இருக்கிறது.

அடுத்தது வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். சதாபிஷேகத் தம்பதிக்கு இதைத்தான் தேடுகிறார்கள். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரைக்கும் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 10.7 கிராம் வரும். 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். மூன்றுக்கும் ஒரே விலை சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

வாங்கும்போது நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். 11 கிராமுக்கும் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள். பிறகு விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். வரிவரியாகச் சீராகத் தட்ட வேண்டும். 1940-களின் ரூபாயில் அந்த வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு ஓடும். போலிகளில் உருக்கி வார்த்தவை உண்டு; அவற்றின் விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த தையல் தெரியும், எழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளம் இருக்கும். வெள்ளி என்று சொன்ன காசு காந்தத்தில் ஒட்டினால் அதோடு பேச்சு முடிந்தது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே மணப்பெண்ணின் காலணிக்குள் ஆறு பென்னிக் காசு ஒன்றை வைப்பார்கள், அதிர்ஷ்டம் என்று. வெள்ளிக் காசு என்பது பேச்சு. 1947-லிருந்து புழக்கத்துக்கு அடித்த ஆறு பென்னியில் வெள்ளி கிடையாது. இரண்டாம் எலிசபெத் ராணி தலை போட்ட பழைய புழக்கக் காசை வெள்ளி என்று விற்றால் அது பொய்.

பொய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ‘ராமர் பட்டாபிஷேகக் காசு’, ‘அனுமார் காசு’ என்று கனமான செம்புக் காசுகள் விற்கிறார்களே, ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1616 அல்லது 1717 அல்லது 1818. வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும், அரிசி மணியைக் காந்தம்போல இழுக்கும், கோடி ரூபாய் பெறும் என்பார்கள். அத்தனையும் புரளி. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. 1616 என்கிறார்களே, கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்ததே 1639-ல்! இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி நாணயம் வந்தது 1835-ல்.

பிறகு ஏன் ஜனங்கள் நம்புகிறார்கள்? பொய்க்குப் பக்கத்திலேயே ஒரு நிஜம் இருக்கிறது. 1808-ஐ ஒட்டிக் கம்பெனி சென்னையில் அரை வராகன், கால் வராகன் என்று வெள்ளிக் காசு அடித்தது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தாமரையில் விஷ்ணு. தமிழ் எழுத்துகூட உண்டு. பார்க்க அவ்வளவு அழகு. அது கம்பெனி செய்த வியாபார சமாதானம். கடைத்தெருவில் நம் ஜனங்கள் கை கூசாமல் வாங்க வேண்டுமே. அது அரிசியை இழுக்காது, வாங்க மட்டும் உதவியது. அனுமார் காசை விற்கிறவர் இந்தப் பழைய ஞாபகத்தின்மேல்தான் கடை விரிக்கிறார். அரிசி இழுக்கும் என்று காசை மேஜையில் வைத்துக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல, உங்களிடம் இருக்கும் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முன்பணமாகக் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்தது.

சரி, வாங்கிவிட்டீர்கள். இனிமேல் தேய்க்காதீர்கள். புளி போட்டு, விபூதி போட்டு, பற்பசை போட்டு எதிலும் தேய்க்காதீர்கள். வெள்ளியின் கறுப்பு மேலே ஒட்டிய அழுக்கல்ல. காற்றில் இருக்கும் கந்தகத்தோடு வெள்ளியே சேர்ந்து உண்டான படலம். தேய்த்தால் அதோடு ராஜாவின் மூக்கும் தாடியும் போகும், சேகரிப்பவர் தரும் விலையும் போகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றுவது மட்டும்தான்; தேய்க்கக் கூடாது. கவர்ப் பசை ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் கழன்று வரும். செலோடேப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன் வேண்டும். அதைத் திறந்த ஜன்னல் பக்கம் வைத்துச் செய்யுங்கள், அடுப்பு பக்கம் வேண்டாம்.

டாலராகக் கோக்க வேண்டுமா? காசிலேயே வளையம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் அந்த இடம் கெட்டுவிடும். துளை போட்டாலும் அப்படித்தான். காசைச் சுற்றி ஒரு விளிம்பு கட்டி, அந்த விளிம்பில் வளையம் வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குக் காசை முழுசாகக் கழற்றிக்கொள்ளலாம். புழக்கத்தில் இருக்கும் நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம் என்பதையும் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில வருஷத்தில் அதிலிருந்து பச்சையாகப் பிசுபிசுப்பு கசியும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறவர்களுக்கு ஒன்று: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், தனியார் நாட்டைவிட்டு எடுத்துப் போகக் கூடாது. விக்டோரியா ரூபாய் எல்லாமே இதில் வரும். ஐந்தாம் ஜார்ஜிலும் பெரும்பாலானவை நூறைத் தாண்டிவிட்டன. அவை ஊரிலேயே இருக்கட்டும். நேரு ரூபாயும் தாமரை இருபது பைசாவும் தாராளமாகப் போகலாம். வணக்கம்.