மலையடிவாரத்தில் மறைந்திருக்கும் பிளவுகள்

அவையோருக்கு வணக்கம்.

1994 ஜனவரி 17, விடியற்காலை. கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவு நிலநடுக்கம். மேம்பாலங்கள் சரிந்தன, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்க ஆய்வு அங்குலம் அங்குலமாக நடந்துவந்த வட்டாரம் அது. ஆனாலும் அன்று நழுவிய பிளவு, அதாவது நடுக்கத்தை உண்டாக்கிய பாறை விரிசல், வரைபடத்தில் இல்லை. அது தரைமட்டம் வரை ஏறி வரவே இல்லை, பல கிலோமீட்டர் ஆழத்திலேயே நின்றுவிட்டது. இப்படிப்பட்டவற்றை மறைபிளவு என்று சொல்லலாம்.

மலையடிவாரங்கள் இவற்றுக்குத் தோதான இடம். நிலத்தட்டுகளின் நெருக்கத்தில் ஒரு பாறைப்பாளம் இன்னொன்றின்மேல் ஏற, மலை உயர்கிறது. அந்த மலையிலிருந்து ஆறுகள் அடித்துவரும் வண்டல் அடிவாரத்தை மூடிக்கொண்டே போகிறது. மேலே நடப்பவர் கண்ணில் மெல்லிய மேடு படலாம், பிளவு படாது.

அங்கே நமக்குக் கைகொடுப்பவை, அளவு 1, 2 என்று வரும், யாரும் உணராத நடுக்கங்கள். இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அளவில் ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்கு கூடும்.

நிலநடுக்கக் கருவியின் ஒரு பதிவைப் பாருங்கள். அமைதியாக ஓடும் கோடு சட்டென்று துடிக்கிறது, அது வேகமாக வரும் முதன்மை அலை. மூன்று விநாடி கழித்து இன்னும் பெரிய துடிப்பு, அது பின்தங்கி வரும் இரண்டாம் அலை. தொலைவு கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். ஒரு விநாடி இடைவெளிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் என்று வைத்தால், நடுக்கம் 24 கிலோமீட்டர் தொலைவில். பல நிலையங்களின் கணக்கைச் சேர்த்தால் இடம் கிடைக்கும். ஆழம்தான் தொல்லை. நடுக்கத்துக்கு நேர்மேலே கருவி இல்லாவிட்டால் அந்தக் கணக்கு சில கிலோமீட்டர் வழுக்கிவிடும்.

அந்த முதல் துடிப்பு மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா என்பதையும் விடக்கூடாது. மேல் என்றால் பாறை கருவிப் பக்கம் தள்ளியிருக்கிறது, கீழ் என்றால் விலகியிருக்கிறது. சுற்றிலுமுள்ள நிலையங்களின் மேல் கீழ்களைச் சேர்த்தால் பிளவின் சாய்வு தெரியும். ஆனால் எப்போதும் இரண்டு தளங்கள் விடையாக வரும், ஒன்றுதான் மெய். எது என்று ஒற்றை நடுக்கம் சொல்லாது. நூற்றுக்கணக்கானவை எந்தத் தளத்தில் வரிசையாக விழுகின்றன என்பதே தீர்ப்பு. (இதற்கிடையே கல்குவாரி வெடிகளைக் களைய வேண்டும். பகலில் மட்டும் ‘நடுங்கும்’ இடம் என்றால் உடனே சந்தேகப்படுங்கள்.)

அந்த வரிசை தெளிய வழிகாட்டியது 2000இல் நிலநடுக்க ஆய்வாளர்கள் வால்ட்ஹவுசர், எல்ஸ்வொர்த் வெளியிட்ட முறை. அருகருகே நிகழும் இரு நடுக்கங்களின் அலைகள் கிட்டத்தட்ட ஒரே பாதையில் வருவதால், வந்துசேரும் நேரங்களின் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் பாதையின் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மேகம்போல் பரவிக் கிடந்த புள்ளிகள் மெல்லிய தளமாகச் சுருங்கும். பிறகு கணினி இன்னும் சிறியவற்றையும் தேடிப் பிடித்தது. தெற்குக் கலிபோர்னியாவின் 2008 முதல் 2017 வரையிலான பதிவுகளைத் துழாவி, சுமார் 18 லட்சம் நடுக்கங்களை 2019இல் பட்டியலிட்டார்கள்.

“சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருந்தால் அழுத்தம் குறையும், பெரியது வராது, அப்படித்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியில்லை. அளவில் ஒரு படி ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 8 அளவு நடுக்கம் ஒன்றின் ஆற்றலை ஈடுகட்ட 4 அளவில் பத்து லட்சம் வேண்டும்.

இமயத்துக்கு வருவோம். நேபாளத்தில் சிறு நடுக்கங்கள் உயர்மலைகளின் முன்விளிம்பை ஒட்டி, 10 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில், பட்டையாக நிகழ்கின்றன. அதற்கு வடக்கே, இன்னும் ஆழத்தில், இமயத்துக்கு அடியில் கிடக்கும் பெரும்பிளவு சத்தமின்றி நழுவுகிறது. தெற்கே அதே பிளவு நழுவாமல் பூட்டிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே அழுத்தம் குவியும் எல்லைதான் அந்தப் பட்டை. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவு கோர்க்கா நடுக்கத்தில், பூட்டின் வடக்கு விளிம்பை ஒட்டிய பகுதிதான் நழுவியது. கிழிசல் தரைக்கு வரவில்லை. தெற்கே அடிவாரத்தை நோக்கிய பகுதி நழுவாமலே நின்றது.

பூட்டிய பகுதியில் சிறு நடுக்கங்கள் சொற்பம். எனவே புள்ளி இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று வரைபடத்தில் படிப்பது ஆபத்து. அங்கே ஜிபிஎஸ் வைத்து நிலம் நெருக்கப்படுவதை அளக்க வேண்டும். அடிவாரத்தில் குழி வெட்டி, பழைய மண்ணடுக்குகள் எங்கே வெட்டுப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1255, 1934 ஆண்டுகளின் பெருநடுக்கங்கள் கிழக்கு நேபாளத்தில் தரையைக் கிழித்த தடங்களை அப்படித்தான் கண்டெடுத்தார்கள். 1934இன் தடம் தெரியவர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.