சந்தனக் கட்டைக்குள் ஒரு சபை

நண்பர்களே, வணக்கம். 23 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு சன்னதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஜப்பானில் கோயா மலைமேல் கொங்கோபுஜி என்றொரு பௌத்த ஆலயம் இருக்கிறது. அதற்குச் சொந்தமானது. அந்த நாட்டின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று.

மூடியிருக்கும்போது எண்பட்டைத் தூண் மாதிரி இருக்கும். சந்தனக் கட்டையைப் பிளந்து, ஒரு பாதியை நடுப்பகுதியாக வைத்து, மறுபாதியை இரண்டாக்கிக் கதவுகளாகக் கீல் போட்டிருக்கிறார்கள். திறந்தால் நடுவில் சாக்கியமுனி புத்தர் அமர்ந்திருக்கிறார். கதவுக்கு ஒருவராக இரண்டு போதிசத்துவர்கள், அதாவது புத்தநிலையை நோக்கிப் போகிறவர்கள். சுற்றிலும் சீடர்களும் பரிவாரமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு முகமும் விரல் நகத்தைவிடச் சிறியது, ஆனாலும் கண், உதடு, ஆடை மடிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. நெருக்கமான இழை கொண்ட சந்தனம் இவ்வளவு நுணுக்கமான உளி வேலைக்கும் இடம் கொடுக்கும். பயணத்தில் கையோடு எடுத்துப்போகும் சன்னதி இது; வழியில் எங்கே தங்கினாலும் கதவைத் திறந்து வைத்தால் போதும், அங்கே வழிபாடு நடக்கும்.

இதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் கூகாய் என்ற துறவி. 804இல் சீனா போனார். சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற ஆசாரியரிடம் தீட்சை பெற்றார். சில மாதங்களிலேயே குரு மறைந்துவிட்டார். 806இல் நாடு திரும்பியதும், கொண்டுவந்த பொருள்களையெல்லாம் பட்டியல் போட்டு அரசரிடம் கொடுத்தார். அந்தப் பட்டியலில், வெண்சந்தனத்தில் செதுக்கிய புத்தர், போதிசத்துவர் உருவங்கள் கொண்ட சன்னதி ஒன்று வருகிறது. அது இதுதான் என்பது மரபு. தென்னிந்தியாவிலிருந்து வஜ்ரபோதி என்ற துறவி கொண்டுவந்து தன் சீடர் அமோகவஜ்ரரிடம் கொடுத்தார், அவர் ஹுய்குவோவிடம் கொடுத்தார், அவர் தனக்குத் தந்தார் என்று கூகாய் எழுதியிருக்கிறார்.

இங்கேதான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். வஜ்ரபோதி 720 வாக்கில் கடல்வழியாகச் சீனா போனவர். காஞ்சியில் பஞ்சம் வந்தபோது பல்லவ மன்னன் கேட்டுக்கொண்டதால் மழை வேண்டிப் பூசை செய்தவர் என்று அவரைப் பற்றிச் சீனக் குறிப்புகள் பேசுகின்றன. ராஜசிம்ம பல்லவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே காலம்!

சரி, அப்படியானால் இதை நம் ஊர்த் தச்சர்தான் செதுக்கினாரா? இல்லை, செதுக்கிய பாணியைப் பார்த்து, 8ஆம் நூற்றாண்டில் தாங் அரச மரபு ஆண்ட சீனத்து வேலை என்றே கலை வரலாற்றாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதை நாம் ஏற்கத்தான் வேண்டும். உளி யாருடையதாக இருந்தாலும், அந்தக் குரு வரிசையின் தொடக்கத்தில் காஞ்சியோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். அதை நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கோயா மலையில் ரெய்ஹோகான் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தச் சன்னதியை அங்கே எப்போதும் பார்வைக்கு வைத்திருக்க மாட்டார்கள். ஜப்பான் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.