வரி கட்டிய பணமும் வரியில்லாத சேமிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் மாதச் சம்பளம் வாங்குகிற உங்களில் பலருக்கு 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்துக்கான பிடித்தம் பழகிய விஷயம். 2025-ஆம் ஆண்டின் வரம்புப்படி ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர் சம்பளத்திலிருந்து 23,500 டாலர் வரை அதில் போடலாம். அதைத் தொட்டதும் இந்த வருஷக் கணக்கு முடிந்தது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டம் இன்னொரு வரம்பும் வைத்திருக்கிறது. நம் பங்கு, கம்பெனியின் பங்கு எல்லாம் சேர்த்து அந்த ஆண்டுக்கு 70,000 டாலர். நீங்கள் 23,500, கம்பெனி 10,000 போட்டிருந்தால், இன்னும் 36,500 டாலருக்கு இடம் இருக்கிறது. கம்பெனியின் திட்டம் அனுமதித்தால், வரி போக மிஞ்சும் சம்பளத்தை அங்கே போடலாம். இதற்கு ஆஃப்டர் டாக்ஸ் பங்களிப்பு என்று பெயர்.

இதை, அதே திட்டத்தின் இன்னொரு பகுதியான ராத் 401-கே என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டிலும் போவது வரி கட்டிய பணம்தான், வித்தியாசம் லாபத்தில் இருக்கிறது. ராத் கணக்கில் முதல் பணம் போட்டு ஐந்தாண்டு ஆக வேண்டும் என்ற விதி நிறைவேறி, ஐம்பத்தொன்பதரை வயதும் கடந்து எடுத்தால், லாபத்துக்கும் மத்திய வருமான வரி கிடையாது. ஆஃப்டர் டாக்ஸ் பகுதியிலேயே பணத்தை விட்டுவைத்தால் கதை வேறு. போட்ட 10,000 டாலர் 40,000 ஆகியிருந்தால், எடுக்கும்போது 30,000-த்துக்குச் சம்பளத்துக்குப் போலவே வரி. அதே பணம் வெளியே சாதாரண முதலீட்டுக் கணக்கில் பங்குகளாக இருந்திருந்தால் நீண்டகால லாப வரிதான், பலருக்கு அது 15 சதவீதம். பணத்தைப் போட்டுவிட்டு ராத்துக்கு மாற்றாமல் பாதி வழியில் நிறுத்துகிறவர்கள் நல்லது செய்வதாக நினைத்து அதிக வரியைத் தேடிக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அதனால் போட்ட கையோடு அதை ராத்துக்கு மாற்ற வேண்டும். 401-கே-க்குள்ளேயே ராத் பகுதிக்கு மாற்றலாம், அல்லது வேலையில் இருக்கும்போதே வெளியே ராத் ஐ.ஆர்.ஏ-வுக்கு, அதாவது கம்பெனியைச் சாராமல் நீங்களே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்குக்கு, கொண்டுபோகலாம். மாற்றும் நாள்வரை சேர்ந்த லாபத்துக்கு மட்டும் வரி உண்டு. உடனே மாற்றினால் அது சொற்பம். சில திட்டங்களில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் தானாகவே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இருந்தால் இன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள். வரித் தாக்கலின்போது, இப்படிப் பணம் மாறியதைக் காட்டும் 1099-ஆர் படிவம் வரும், அதையும் கணக்கில் காட்ட மறக்கக் கூடாது.

ராத் ஐ.ஆர்.ஏ-வில் நேரடியாகப் போட, ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 2025-இல் 7,000 டாலர்தான் வரம்பு, வருமானம் கூடினால் அதுவும் இல்லை. இந்த வழியில் வருமானத் தடை இல்லாததால்தான் மெகா பேக்டோர் ராத், அதாவது ராத்துக்குப் பெரிய பின்வாசல் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். 2021-இல் இதை மூட ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. எப்போதும் திறந்தே இருக்கும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாக் கம்பெனிகளிலும் இது கிடைக்காது. குறிப்பாகச் சின்னக் கம்பெனிகளில், பெரிய சம்பளக்காரர்கள் மட்டும் போட்டால் திட்டம் அவர்களுக்கே சாதகமாக இருக்கிறதா என்று பார்க்கும் பாரபட்சச் சோதனையில் தேறாது, பணம் திரும்பி வந்துவிடும். அப்புறம், கிரெடிட் கார்டு கடன் இருப்பவர்கள், ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாதவர்கள், நாம் போடும் பணத்துக்கு ஈடாகக் கம்பெனி தரும் மேட்சை முழுதாக வாங்காதவர்கள், தயவுசெய்து முதலில் அவற்றைப் பாருங்கள்.

திட்டத்தை நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆஃப்டர் டாக்ஸ் பங்களிப்பு உண்டா? வேலையில் இருக்கும்போதே அதை ராத்துக்கு மாற்ற முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் இறங்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று. அமெரிக்கா வரி கேட்காத பணத்தை இந்தியாவும் கேட்காது என்று எடுத்துக்கொள்ள முடியாது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, இரு நாட்டு வரிச் சட்டமும் தெரிந்த ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நன்றி, வணக்கம்.